பென்சில் கோட்டுக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் அவள் அதைப் பதினேழு முறை போட்டு அணைத்திருந்தாள். எண்ணிக்கையில் தப்பு வர வழியில்லை. தடவைக்கு ஒரு கோடாக நோட்டில் போட்டிருந்தாள். கடைசிக் கோட்டைப் போட்ட பிறகு, எங்காவது ஒன்றை விட்டுவிட்டோமோ என்று முதலிலிருந்து எண்ணியும் பார்த்தாள். பதினேழுதான். பதினேழு தடவையும் ரிலே வாய் திறக்கவில்லை.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை. பாக்கெட்டில் உதிரியாக வந்த பாகங்களை மூன்று வாரமாக, மாலை வகுப்பு விட்டு வந்து, ஒவ்வொன்றாக ஈயம் வைத்து அவளே பூட்டியது. அதற்கு வேலை ஒன்றுதான். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வாசல் காவலாக நிற்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் நாலு வினாடி பொறுத்துப் பார்க்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் கறுப்புச் சதுர ரிலே 'டக்' என்று ஒட்டி, ஸ்பீக்கர்களுக்கு வழி விடும். பாட்டை அனுப்ப வேண்டிய ஆம்ப்ளிஃபயர், பேட்டரி மாதிரி ஒரே பக்கமாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் வழி விடாது. அந்த மின்சாரம் உள்ளே போனால் ஸ்பீக்கரின் மெல்லிய கம்பிச் சுருள் வெந்து புகைந்துவிடும்.

இதை அவள் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பத்து வயதில் மூக்கால் தெரிந்துகொண்டாள். வீட்டில் அவள் பெயரே அதுதான்.

"புகை! டீ போடட்டுமா?" அம்மா உள்ளறையிலிருந்து கேட்டாள். தையல் மிஷின் நிற்கவில்லை.

"வேணாம்மா."

"ஒட்டுச்சா?"

"இல்ல."

"விடு. நாலு மணிக்கு உங்கண்ணன் வந்துருவான். அவன் ஒரு தட்டு தட்டினா தானா ஒட்டிக்கும்."

அம்மா ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அண்ணன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தானே காலையிலிருந்து சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருக்கிறாள்?

மேஜையில் அண்ணனுடைய ஆம்ப்ளிஃபயர் மூடி கழற்றிக் கிடந்தது. மரப்பெட்டி, நாலு மூலையிலும் நாலு விதமான ஆணி. சத்தத்தைக் கூட்டும் குமிழுக்குப் பக்கத்தில், நாலு என்ற எண்ணுக்கு நேராக, ஒரு பென்சில் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. பெட்டிக்கு வலப்பக்கம் பழைய ஸ்பீக்கர். இடப்பக்கம் அதன் ஜோடி. அதாவது, உண்மையான ஜோடி செத்துப் பதினைந்து வருடம் கழித்து, பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி அவள் கண்டுபிடித்த அதே அளவு, அதே துணி, அதே வருடத்து இன்னொன்று. இதுவும் புகைந்தால் மூன்றாவதைத் தேடி எங்கே போவது? அதனால்தான் பாட்டுக் கேட்பதற்கு முன்னால் காவலுக்கு இந்தப் பலகையை வைத்தாள்.

காவலோ வாசலையே திறக்க மாட்டேன் என்கிறது.

பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நோட்டுகள் விரித்திருந்தன. ஒன்று அவளுடைய இப்போதைய நோட்டு. மற்றொன்று அட்டை கிழிந்த பள்ளிக்கூட நோட்டு. அதன் இடப்பக்கத்தில் பதினெட்டு வயது அண்ணன் போட்ட வரைபடம் இருந்தது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்க்கவே அதைப் பரணிலிருந்து இறக்கினாள். வலப்பக்கத்தில் கோணல் எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு பட்டியலும் எதிரில் குறிகளும் இருந்தன. பத்து வயதில் அவள் எழுதியது. அதைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்பதால் பார்க்காமலே விட்டிருந்தாள்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு கதை உண்டு. அண்ணன் ஆம்ப்ளிஃபயர் செய்தது கடைச் சாமானில் அல்ல. அடுத்த தெரு டிவி மெக்கானிக் தூக்கிப்போட்ட பலகைகளிலிருந்து பிடுங்கிய பாகங்களில். பழைய பாகங்களின் கால்கள் கறுத்திருக்கும். கறுத்த காலில் ஈயம் பிடிக்காது. பிடித்த மாதிரி பாசாங்கு செய்யும். அதனால் பாதி பிளேடை வைத்துக்கொண்டு கால்களைப் பளபளவென்று சுரண்டுவது அவள் வேலை. சுரண்டிய ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு குறி. குறி விழுந்த பிறகுதான் அண்ணன் அதில் ஈயம் வைப்பான். அப்பா தவறிப்போன வருடம் அது. அம்மாவின் மிஷின் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த வீட்டில், அண்ணனும் தங்கையும் தரையில் உட்கார்ந்து செய்த ஒரே விளையாட்டு அதுதான்.

ஆம்ப்ளிஃபயர் பாடத் தொடங்கிய பிறகு வீட்டுக்கு ஒரு புதுக் கடிகாரம் கிடைத்தது. சாயங்காலம் அண்ணன் கல்லூரியிலிருந்து வந்து சுவிட்சைப் போடுவான். இரண்டு ஸ்பீக்கரும் 'தொம்' என்று ஒரு குரல் கொடுக்கும். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். உள்ளே மிஷின் நிற்கும். "வந்துட்டான்" என்பாள் அம்மா. அப்புறம் அம்மாவுக்குப் பிடித்த அந்தப் பழைய ஜோடிப் பாட்டு. ஆண் குரல் வலப்பக்கத்திலிருந்து கேட்கும், பெண் குரல் இடப்பக்கத்திலிருந்து பதில் சொல்லும். அவள் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பந்தாட்டம் பார்க்கிறவள் போலத் தலையை அங்கும் இங்கும் திருப்புவாள்.

ஒரு நாள் அண்ணன் வர நேரமாயிற்று. அம்மா தலைவலியோடு தைத்துக்கொண்டிருந்தாள். பாட்டுக் கேட்டால் தேவலையாகும் என்று நினைத்து, பத்து வயது மகளே சுவிட்சைப் போட்டாள். மிஷின் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்காதே என்று குமிழை நாலிலிருந்து ஐந்துக்குத் திருப்பினாள். ஒரு பாட்டு நன்றாக ஓடியது. இரண்டாவது பாட்டின் நடுவில் இடது ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று முனகியது. துணிக்குள்ளிருந்து மெல்ல, ஊதுபத்தி போல, ஒரு கோடு எழுந்தது.

அண்ணன் அடிக்கவில்லை. "நாலுக்கு மேல திருப்பினா அப்படித்தான் ஆகும்" என்றான். பிறகு பென்சிலை எடுத்து அந்தக் கோட்டைப் போட்டான். அடித்திருந்தால் மறந்திருப்பாள். 

அதற்கப்புறம் பாட்டு பாதிப் பாட்டுதான். வலது ஸ்பீக்கரில் ஆண் குரல் பாடும், பதில் வராது. அந்த வெற்றிடத்தில் ஒரு நாள் உள்ளறையிலிருந்து அம்மா பாடினாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, பெண் வரியை மட்டும். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அண்ணன் வேலை கிடைத்துப் போன பிறகும் சில வருடம் அந்த அரைப் பாட்டு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றே முக்காலுக்கு அவள் நோட்டில் எழுதியிருந்தது இவ்வளவு: பலகையைத் தனியாகப் போட்டால் ரிலே ஒட்டுகிறது. சோதனைக்கு ஒரு சின்ன பேட்டரியைக் காட்டினால் விட்டுவிடுகிறது, அது சரி. ஆம்ப்ளிஃபயரின் வலது கம்பியை மட்டும் கொடுத்தால் ஒட்டுகிறது. இடது கம்பியைக் கொடுத்தால் ஒட்டவில்லை. முடிவு: என் பலகையின் இடது பக்கத்தில் தப்பு.

அந்த முடிவை வைத்துக்கொண்டு இடது பக்கத்தில் இரண்டு ரெசிஸ்டரை மாற்றிவிட்டாள், ஒன்றை இரண்டு தடவை. ஈயம் வைத்த இடங்களையெல்லாம் பூதக்கண்ணாடியில் பார்த்தாகிவிட்டது. மீட்டரையே நம்பாமல் ஒரு புது பேட்டரியை அளந்து பார்த்து, அந்த பேட்டரியையும் நம்பாமல் இன்னொன்றை அளந்தாள். உலகத்தில் அவள் சந்தேகப்படாத பொருள் மேஜையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அண்ணன் செய்த பெட்டி.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன, வீட்டுல கரண்ட் இருக்கா, இல்ல புகை புண்ணியத்துல ஃபியூஸ் போயிடுச்சா?" அண்ணன் பையைக் கீழே வைக்குமுன்பே ஆரம்பித்துவிட்டான். முன்நெற்றி இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. பின்னால் அண்ணி வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் துப்பட்டாவால் விசிறிக்கொண்டு மேலே பார்த்தாள்.

"ஏன் நாத்தனாரே, ஃபேன் இப்படித் தூங்குது? கூட்டி வை."

"நாலுல இருக்கு அண்ணி."

"அஞ்சுன்னு ஒண்ணு இருக்கே!"

"அவ அஞ்சைத் தொடமாட்டா" என்று அண்ணன் சிரித்தான். "பத்து வயசுல சூடு கண்ட பூனை." பிறகு மேஜையைப் பார்த்ததும் சிரிப்பு நின்று, முகம் மாறியது. பெட்டியின் ஓரத்தை விரலால் தடவினான். "ஏய்... இத இன்னும் வெச்சிருக்கியா? அந்த ஸ்பீக்கர் எங்க கெடச்சுது?"

அவள் சொன்னாள். பலகையைக் காட்டினாள். பதினேழு கோட்டையும் காட்டினாள்.

"நாலு வினாடி பொறுத்துத்தான் ஒட்டுமா? அப்போ தொம் வராதா?"

"வராது."

"அது வந்தாதானேடி பாட்டு!" என்றபடி குனிந்து பலகையைப் பார்த்தான். "சரி, இது எதுக்கு வீண் வேலை? ஒரு ஒயரை எடுத்து ரிலேக்குக் குறுக்க போட்டுடு. பாட்டு நேரா போயிடும். அம்மா கேக்கட்டும். உன் பலகையில என்ன தப்புன்னு ராத்திரி நிதானமா பாத்துக்கலாம்."

"தப்பு அவ பலகையிலதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள் அண்ணி.

"பலகை அவ செஞ்சது. பெட்டி நான் செஞ்சது. பெட்டியில தப்பு இருக்காது."

"நல்லா இருக்கே! மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்."

அண்ணன் ஒரு துண்டு ஒயரை எடுத்து முனையைப் பல்லால் உரித்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே பல், அதே கடி. இவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் கை தானாக விலகியது. விலகிய கை இடது ஸ்பீக்கரின் துணியில் பட்டது.

"வேணாம்ணா."

"ஏன்?"

"ஒரு தடவை... ஒரே ஒரு தடவை பாத்துடறேன். இடது கம்பியை என் பலகையோட வலது பக்கத்துல கொடுத்துப் பாக்கல இன்னும்."

"அதுல என்ன தெரியும்?"

"என் பலகையோட இடது பக்கம்தான் கெட்டதுன்னா, வலது பக்கத்துல கொடுத்தா ஒட்டணும்."

சொல்லிவிட்ட பிறகுதான், மறுபாதி அவளுக்கே உறைத்தது. ஒட்டாவிட்டால்? இந்தச் சோதனையைக் காலையிலேயே செய்திருக்கலாம். இன்றைய சோதனைப் பட்டியலில் ஏழாவதாக எழுதியும் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டிப் போனது கை மறதியா, மன மறதியா?

கம்பியை மாற்றினாள். சுவிட்சைப் போட்டாள். நாலு வினாடி. ஐந்து. பத்து. ரிலே அசையவில்லை.

அவள் பலகையை முழுசாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மீட்டரின் இரண்டு கம்பி முனையையும் பெட்டியின் இடது வெளிவாயில் வைத்தாள். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் முப்பத்து மூன்று வோல்ட் காட்டியது.

"மீட்டர் சரியா இருக்கா?" என்றான் அண்ணன்.

"ரெண்டு பேட்டரியில பாத்துட்டேன்."

"என்னங்க, அப்படின்னா என்ன அர்த்தம்?" அண்ணி கேட்டாள்.

அண்ணன் மீட்டரையே திரும்பப் பார்த்தான். அவள் சொன்னாள்: "பாட்டே போடாம, பெட்டி ஸ்பீக்கரைச் சுட்டுக்கிட்டு இருக்கு, அண்ணி. என் பலகை சரியாத்தான் சொல்லுச்சு. பதினேழு தடவையும்."

பலகையை மறுபடி மாட்டினாள், ஸ்பீக்கர்கள் இல்லாமல். இப்போது அது அவளுக்குச் சோதனைக் கருவி. பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அதன் மரமுனையால் பெட்டிக்குள் இடது பக்கத்துப் பாகங்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிக்கொண்டு போனாள். ஒன்று. ஒன்றுமில்லை. இரண்டு. ஒன்றுமில்லை. தவறாமல் நோட்டில் குறித்தாள். அண்ணி பொறுமையிழந்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். நடுவில் ஒரு பழுப்பு ரெசிஸ்டரைத் தொட்டபோது, நாலு வினாடி கழித்து, 'டக்'.

பென்சிலை எடுத்தாள். ரிலே விட்டுவிட்டது. அழுத்தினாள். 'டக்'.

"கால் ஆடுது" என்றான் அண்ணன் மெதுவாக. "ஆம்ப்ளிஃபயரை நெலையா பிடிச்சு வெக்கிற ரெசிஸ்டர் அது. அது விட்டா, பெட்டி ஒரு பக்கமா சாஞ்சுக்கும். சூடு ஏற ஏறத்தான் விட்டிருக்கும். அதான் அன்னிக்கு ஒரு பாட்டு முழுசா ஓடியிருக்கு..." அவன் பாதியில் நிறுத்தினான்.

சுவிட்சை அணைத்து, சூடு தணியக் காத்திருந்து, ஈயத்தை உருக்கி அந்தக் காலை வெளியே எடுத்தாள். மேலே பார்த்தால் ஈயம் வெள்ளிக் குன்று போல மினுங்கியது. உள்ளே கால் அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருந்தது. பிளேடு படாத கால்.

சுரண்டுவது என் வேலையாச்சே? அப்போ, எப்படிப் பார்த்தாலும் நான்தானா? பெட்டியில் தப்பு இருந்தாலும் அந்தத் தப்பும் என்னுடையதா? பள்ளிக்கூட நோட்டை இழுத்தாள். வரைபடத்தில் அந்த ரெசிஸ்டருக்கு எண் பதினொன்று. வலப்பக்கப் பட்டியலில் விரலை இறக்கினாள். ஒன்பது, குறி. பத்து, குறி. பன்னிரண்டு, குறி. பதினொன்றுக்கு எதிரில் குறி இல்லை. பக்கத்தில் கோணல் எழுத்தில்: 'அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. வந்து செய்யணும்.'

நோட்டை அண்ணன் பக்கம் நகர்த்தினாள். அவன் குனிந்து படித்தான். எழுந்து போய் ஜன்னலருகில் நின்றான்.

"நீ சாப்பிடப் போயிருந்தே" என்றான் வெளியே பார்த்தபடி. "எனக்குப் பொறுக்கல. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, சீக்கிரம் முடிச்சா இன்னிக்கே பாட்டு கேக்கலாம்னு வெச்சுட்டேன். நீ வந்து பன்னெண்டுல இருந்து ஆரம்பிச்சே. நான் ஒண்ணும் சொல்லல."

"அன்னிக்குப் புகை வந்தப்போ ஞாபகம் வந்துச்சா?"

"சத்தியமா இல்ல. நாலுக்கு மேல திருப்பினதுதான்னு நம்பினேன். என் வேலையில தப்பு இருக்கும்னு நெனைக்கவே தோணல."

"எனக்கும்தான் தோணல" என்றாள் அவள். கோபப்படலாம் என்று பார்த்தாள், வேறொன்று வந்தது. "பதினஞ்சு வருஷமா நான் எதையும் நாலுக்கு மேல திருப்பினதில்லண்ணா. ஃபேனைக்கூட."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியாமல். "அப்போ இனிமே புகை யாரு? இவரா?"

"அவனை அப்படிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கமாட்டான்" என்றாள் அம்மா. மிஷின் எப்போதோ நின்றிருந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு நிலைப்படியில் நின்றாள். "இவளைக் கூப்பிட்டு வாய்க்குப் பழகிடுச்சு." பிறகு மகளின் தலையில் கை வைத்து, "எனக்குத் தலைவலின்னுதானேடி அன்னிக்குப் போட்டே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தான். மேஜையிலிருந்த பிளேடை எடுத்தான். அவள் கையை நீட்டினாள்.

"கொடு. அது என் வேலை."

செம்பு நிறம் தெரியும்வரை சுரண்டினாள். சுரண்டிய பிறகு பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். "தேஞ்சே போயிடும்" என்றான் அண்ணன். நோட்டை இழுத்து, பதினொன்றுக்கு எதிரில் குறி போட்டு, இன்றைய தேதியையும் எழுதினாள். அதற்கப்புறம்தான் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப வை."

அவன் ஈயம் வைத்தான். கைக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. இப்போதெல்லாம் அவன் கம்ப்யூட்டர் விசையைத் தட்டுகிறவன். மீட்டரில் இடது பக்கம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் மூன்று தடவை அளந்தாள். அரை மணி நேரம் சூடேற விட்டு நாலாவது தடவையும் அளந்தாள். பிறகு இரண்டு ஸ்பீக்கரையும் மாட்டினாள்.

"போடறேன்" என்றாள் பொதுவாக, காற்றைப் பார்த்து.

சுவிட்சைப் போட்டாள். தொம் வரவில்லை. ஜன்னல் கண்ணாடி சும்மா இருந்தது. நாலு வினாடி, வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. அண்ணன் கண்ணை மூடியிருந்தான், அந்தப் பழைய சத்தத்தை எங்கோ தேடுகிறவன் போல. உள்ளிருந்து அம்மா, "இன்னும் போடலையாடா?" என்றாள்.

'டக்'.

அந்தப் பழைய பாட்டு தொடங்கியது. வலப்பக்கம் ஆண் குரல் முதல் வரியைப் பாடி முடித்தது. அந்த நாள் பழக்கத்தில் அம்மா உள்ளறையில் வாயைத் திறந்தாள். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். இடப்பக்கத்திலிருந்து அந்தப் பெண் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் எங்கேயும் போகாதவள் மாதிரி.

ஒரு சரணம் முழுக்க அம்மாவின் சத்தமே இல்லை. மிஷின் சத்தமும் இல்லை. மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதையோ சரிசெய்யப் போய் வேறு எதையோ கெடுத்துவிட்டோமோ?

"அம்மா, கேக்குதா?"

"மிஷினை ஓட்டினா கேக்காது போலிருக்கே" என்றாள் அம்மா. "கொஞ்சம் கூட்டேன்."

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் குமிழைப் பார்த்தாள். விரலை வைத்தாள். மூன்று. நாலு. பென்சில் கோடு. ஒரு கணம் அங்கேயே நின்று இடது ஸ்பீக்கரின் துணியை மோந்து பார்த்தாள். அண்ணி கலகலவென்று சிரித்துவிட்டாள்.

ஐந்துக்குத் திருப்பினாள்.

ரிலே விடவில்லை. பெண் குரல் வீடு நிறைய வந்தது. உள்ளே மிஷின் ஓடத் தொடங்கியது. அதற்கு மேலாக அம்மாவும் பாடத் தொடங்கினாள், அந்தப் பெண்ணோடு சேர்ந்து, அரைச் சுருதி தள்ளி. மகள் ஸ்பீக்கர்களுக்கு நட்டநடுவில் தரையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.